லொறி சூடேறும் நேரம்

நான் ஓட்டுகிற லொறி என்னைவிடப் பத்து வயது இளையது. அதற்கு முப்பத்தைந்து, எனக்கு நாற்பத்தைந்து. இரண்டு பேராலும் எழும்பின கையோடு வேலைக்கு ஓட முடியாது. எனக்குப் பால் விடாத ஒரு பிளேன்ரீ வேண்டும். அதற்குச் சூடு வேண்டும்.

இதை விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி நான் களைத்துப் போனேன். ஆனாலும் இன்னொரு தடவை சொல்கிறேன். பெற்றோல் எஞ்சினுக்குள் விழுவது போல டீசல் எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி விழுவதில்லை. காற்றை இறுக்கி நசுக்க, அந்த நசுக்கலில் பிறக்கிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. இரும்பு குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டை இரும்பே குடித்துவிடும். அதற்காகத்தான் எஞ்சினுக்குள் சூடாக்கும் பிளக்குகள் வைத்திருக்கிறார்கள். திறப்பை அரைவாசி திருப்பினால் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணையும்வரை பொறுத்துப் பிறகுதான் ஸ்ராட் பண்ண வேண்டும். நான் சொல்லப்போகிறது நடந்தபோது என்னுடைய லொறியில் நாலு பிளக்குகளில் இரண்டு செத்துப்போய் ஒன்றரை வருடம். எழுதிக் கொடுத்தேன். வாயாலும் சொன்னேன். வரும் என்றார்கள்.

பிளக்கோடு முடிவதில்லை. இதற்குக் காற்றில் வேலை செய்கிற பிறேக். இரவு முழுக்க நின்றால் தாங்கியில் இருக்கும் காற்று இறங்கிவிடும். எஞ்சின் ஓடினால்தான் திரும்ப ஏறும். ஏறும்வரை ஒரு மணி கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கும். அது கத்தும்போது லொறியை எடுத்தால் முன்னுக்குப் போகலாம், நிற்க முடியாது. சாதாரண நாளில் இதற்கெல்லாம் பத்து நிமிடம் போகும். குளிர் நாளில் எவ்வளவு என்று லொறிதான் சொல்ல வேண்டும்.

லொறி ஓட்டப் பழகியபோது எனக்குப் பதினெட்டு வயது. எங்கே, யாரிடம் பழகினாய் என்று எங்கள் பக்கத்தில் எவரும் கேட்பதில்லை. போர் முடிந்து எங்களை அடைத்து வைத்த செட்டிகுளத்து முகாமிலிருந்து வெளியே வந்து சில வருடங்கள் கழித்துத்தான் முறையாக லைசன்ஸ் எடுத்தேன். பரீட்சித்த உத்தியோகத்தர் நான் பின்னுக்கு எடுத்துத் திருப்பி நிறுத்தியதைப் பார்த்துவிட்டு, “முந்தி ஓடியிருக்கிறீங்களோ?” என்று கேட்டார். “இல்லை சேர்” என்றேன். அவர் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பிறகு பால் சங்கத்தின் லொறிக்கு ஆள் தேடினார்கள். உடையார்கட்டுப் பக்கத்து ஒழுங்கைகளிலும் குளக்கட்டு ஓரங்களிலும் காலையில் பால் கான்களை ஏற்றி, குளிரூட்டும் நிலையத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டும். முதல் மாதம் எல்லோரும் ஒரு பொம்பிளை லொறி ஓட்டுவதைப் பார்த்தார்கள். இரண்டாம் மாதம் பால் நேரத்துக்குப் போகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். சங்கத்தை ஒரு தனியார் நிறுவனம் எடுத்தபோது லொறியையும் என்னையும் சேர்த்தே எடுத்தது. லொறி இரவில் என் வீட்டு வளவில்தான் நிற்கும்.

அந்த நிறுவனம் வந்து இரண்டாம் வருடம் லொறியில் ஒரு கறுப்புப் பெட்டி பூட்டினார்கள். லொறி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது, எஞ்சின் ஓடுகிறதா இல்லையா, எல்லாம் கிளிநொச்சி அலுவலகத்தில் இருந்தே தெரியுமாம். அதைக் கவனிக்க ஒரு அதிகாரியும் வந்தார். முப்பது வயது இருக்கும். கொழும்பில் படித்த தமிழ்ப் பையன், நல்ல சட்டை, மரியாதையான கதை. ஓட்டுநர்கள் எல்லோரையும் இருத்தி ஒரு மணித்தியாலம் டீசலைச் சேமிப்பது எப்படி என்று பாடம் எடுத்தார்.

எனக்கு அங்கேயே காது சுட்டது. போர் நடந்தபோது எரிபொருள் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய ஊர் இது. ஸ்ராட் பண்ண மட்டும் மருந்துக்குப் போல ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டிவிட்டு மிச்ச வழியெல்லாம் மண்ணெண்ணெய்ப் புகையில் போனோம். அது பழைய கதை என்றால், நேற்றுப் போலிருக்கிற பஞ்சத்தில் டீசல் வரிசையில் மூன்று பகல் லொறிக்குள்ளேயே கிடந்தவள் நான். எங்களுக்குச் சேமிப்புப் பாடம். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவது வீண் செலவு, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடினால் பெட்டி சிவப்புக் காட்டும் என்றார்.

நான் எழும்பி, “சேர், காலமை சூடேத்துறதுக்கு?” என்று கேட்டேன்.

“இப்ப வர்ற எஞ்சினுக்கெல்லாம் அது தேவையில்ல அக்கா” என்றார்.

“இது இப்ப வந்த எஞ்சின் இல்லை சேர்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கூட்டம் அத்தோடு முடிந்தது.

அந்த வருட மார்கழியில் கடலில் ஒரு புயல் எழும்பியது. எங்களைத் தொடவில்லை, வடக்கே விலகிப் போனது. போனதே என்று மூச்சு விடுகிறபோது அதன் பின்னால் ஒரு காற்று வந்தது. தூறலும் காற்றும் இரண்டு நாள் விடவில்லை. வெயில் என்ற ஒன்றைக் காணவில்லை. இந்த மண்ணில் நான் எத்தனையோ மார்கழி பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு கூதலைப் பார்த்ததில்லை. சுவரைத் தொட்டாலே கை விறைத்தது. கனடாவில் இருக்கிற என் அண்ணனுக்குப் போனில் சொன்னபோது அவர் சிரித்தார். அங்கே உறைபனி விழுமாம், எஞ்சின் உறையாமல் இருக்க இரவில் வாகனத்துக்குக் கரண்ட் குத்தி வைப்பார்களாம். “உங்களுக்கு அது குளிரோ?” என்றார். அவருடைய ஊரில் மாட்டுக்குக் கூரை இருக்கிறது என்பதை அவர் மறந்துவிட்டார்.

இரண்டாம் நாள் விடியற்காலை ஐந்தரைக்கு லொறியடிக்குப் போனேன். முதல் நாள் பின்னேரமே எஞ்சினுக்கு மேல் இரண்டு சாக்குப் போட்டு, அதற்கு மேல் தறப்பாள் இழுத்துக் கட்டியிருந்தேன். அவிழ்த்தபோது சாக்கு ஊறிப்போய் இருந்தது. திறப்பைத் திருப்பினேன். மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. ஸ்ராட்டர் ஒரு சுற்றுச் சுற்றி, கிழவன் இருமுவது போல இரண்டு தரம் இருமி நின்றது. மறுபடி சூடாக்கினேன். மறுபடி இருமல். மூன்றாம் தரம் பற்றரி இறங்கத் தொடங்கிவிட்டது, சத்தத்திலேயே தெரிந்தது. இனி அவசரப்பட்டால் அவ்வளவுதான்.

என் கணவருக்கு முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. செயற்கைக் காலைப் பூட்ட நேரமில்லாமல் ஊன்றுகோலோடு குசினி வாசலுக்கு வந்து, “தண்ணி கொதிக்குது, கொண்டு போ” என்றார். நான் கேட்கவேயில்லை. இருமலை எண்ணிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். பழைய சாறத் துணியைக் கொதிநீரில் தோய்த்து, காற்று உள்ளே போகிற குழாயிலும் டீசல் வடிகட்டியிலும் சுற்றினேன். ஆற ஆற மாற்றினேன். கை வெந்தது, முதுகு விறைத்தது. அவர் மழைக்குள் நின்று டோர்ச் பிடித்தார். பிறகு பற்றரிக்கு ஓய்வு கொடுத்து, விளக்கை மூன்று முறை எரியவிட்டு, அடித்தேன். ஒரு சிலிண்டர் பிடித்தது. பிறகு இரண்டாவது. லொறி முழுக்க உதறிக்கொண்டு வெள்ளைப் புகையை வளவு நிறையக் கக்கியது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது, சந்தோசத்தில்.

மற்ற இரண்டு சிலிண்டர்களும் பிடிக்க நேரம் எடுத்தது. மிதிக்கக் கூடாது. குளிர்ந்த எஞ்சினை மிதித்து உறுமவைப்பது வெறும் வயிற்றுக்காரனைக் கிணறு வெட்ட அனுப்புவது மாதிரி. மெல்ல ஓடவிட்டுக் காத்திருந்தேன். காற்று ஏறவில்லை என்று மணி கத்திக்கொண்டிருந்தது. அப்போது போன் அடித்தது. அந்த அதிகாரி.

“அக்கா, உங்க வாகனம் பதினாலு நிமிசமா ஸ்ராட்ல நிக்குது.”

“ஓம் சேர். குளிருக்கு இப்பதான் பிடிச்சது. எயாரும் ஏறேல்லை.”

“எனக்கு இங்க சிவப்பு அடிக்குது. உடன எடுங்க.”

“சேர், பிறேக் இல்லை.”

“மெதுவாப் போங்க.”

நான் போனை மடியில் போட்டுவிட்டேன். அவர் கதைத்துக்கொண்டே இருந்தார். காற்றைக் காட்டுகிற முள் பச்சைக்கு வந்து மணி நின்ற பிறகுதான் கியரைப் போட்டேன். சூடேற இருபத்தாறு நிமிடம் எடுத்திருந்தது. பிடிக்கவைக்கப் போன நேரம் வேறு.

வழி முழுக்க நான் கண்டதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வழமையாகப் பாலோடு ஆட்கள் நிற்கிற சந்திகளில் அரைவாசிப் பேரைக் காணவில்லை. வயல்வெளியில் மாடுகள் படுத்திருந்தன. மாடு படுக்கிற படுக்கை இல்லை அது. கால்கள் ஒரு பக்கமாக நீட்டியபடி, வயிறு உப்பி, மழை அவற்றின் திறந்த கண்களில் விழுந்துகொண்டிருந்தது.

குளக்கட்டடிச் சந்தியில் எப்போதும் முதல் ஆளாக நிற்கிற ஒரு அக்கா இருக்கிறா. தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கு வந்த குடும்பம். கணவர் இல்லை, பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். பதினொரு ஊர் மாடுகள் வைத்திருந்தா. அன்றைக்கு அவாவைக் காணவில்லை. எஞ்சினை நிறுத்தப் பயம், நிறுத்தினால் திரும்பப் பிடிக்குமோ தெரியாது. ஓடவிட்டபடியே கை பிறேக்கைப் போட்டுவிட்டு, சில்லுக்குக் கல் வைத்துவிட்டு, அவாவின் பட்டியடிக்கு நடந்தேன்.

நாலு மாடுகள் நின்றன. மிச்சம் ஏழும் கிடந்தன. நிற்கிறவற்றின் முதுகில் சாக்கும் தன்னுடைய பெட்சீற்றும் போட்டிருந்தா. நடுவில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. அவா ஒரு சிவப்பு மாட்டின் மடியில் இருந்து கறந்துகொண்டிருந்தா. 

“அக்கா, இண்டைக்கும் கறக்கிறியளோ?” என்றேன். 

“கண்டுக்குட்டி விடியப்புறம் செத்துப்போச்சுப் பிள்ளை. இவளுக்கு மடி கட்டிப்போய் நிக்குது. கறக்காட்டி இவளும் போயிடுவாள்.” திரும்பிப் பார்க்காமல் சொன்னா. “தவிட்டைக் காட்டித் தடவித் தடவிக் கறக்கிறன். கொஞ்சம் பொறன், கொண்டு போ.”

பொறுத்தேன். ஐந்து நிமிடமா, பத்தா, தெரியவில்லை. பெட்டி சிவப்பு அடித்திருக்கும். அடிக்கட்டும் என்று நின்றேன். நாலு லீற்றர் இருந்தது. அவா கானின் மூடியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத் தந்தா. இரவு முழுக்க ஏழு மாட்டைப் பறிகொடுத்தவ, கான் மூடியில் சேறு படக் கூடாது என்று துடைத்தா. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

நிலையத்தில் எட்டரைக்குப் பால் எடுப்பது முடியும். நான் போய்ச் சேர ஒன்பதே கால். படலை திறந்திருந்தது, ஆனால் உள்ளே கணினியில் கணக்கு மூடியாகிவிட்டது. பரிசோதனை செய்கிற பிள்ளை வெளியே வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வயது, முல்லைத்தீவுக் கரையோரத்துக் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை.

“அன்ரி, கிளிநொச்சிச் சேர் பாலை எடுக்க வேண்டாமாம். நேரம் பிந்தின பாலை ஊத்தச் சொல்லிப் போட்டார்.”

“ஏன் ஊத்த வேணும்? பழுதோ?”

“எட்டரைக்குப் பிறகு வாற பால் புளிச்சிருக்குமாம்.”

எனக்கு உச்சியில் ஏறியது. எட்டரை என்ற நேரத்தை வைத்தவர்கள் சித்திரை வெயிலுக்கு வைத்தார்கள். அது நியாயம். வெயிலில் பால் புளிக்கும். ஆனால் மாடு விறைத்துச் சாகிற குளிரில் பால் எப்படிப் புளிக்கும்? நாங்கள் நின்ற வெளியில் இருந்த குளிர், அவர்கள் கரண்ட் கட்டி ஓட்டுகிற தாங்கிக் குளிருக்கு ஈடில்லைத்தான், ஆனாலும் பால் புளிக்கிற சூடு அங்கே இல்லை. என்னைப் பிந்தவைத்த கூதல்தான் பாலைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா?

“பிள்ளை, நீ சோதிச்சுப் பார். பழுதெண்டா நானே ஊத்திறன்.”

அவள் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் குழாய்களை எடுத்து வந்தாள். ஒவ்வொரு கானிலும் எடுத்து, நெருப்பில் கொதிக்கவைத்து, வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தாள். திரியவில்லை. ஒன்றுகூடத் திரியவில்லை. ஸ்பிரிட் விட்டும் பார்த்தாள். கொப்பியில் ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்து வைத்தாள். அப்புறம் அவருக்கு அழைத்து, “பால் நல்லது சேர். எழுதிப் போட்டன்” என்றாள்.  அந்த வேலை அவளுக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும்.

அவர் மறுபக்கத்தில் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் போனை என்னிடம் நீட்டினாள்.

“அக்கா, சிஸ்ரம் குளோஸ் ஆயிட்டுது. என்னால ஒண்ணும் செய்ய ஏலாது. ஊத்திட்டு வாகனத்த எடுங்க. பெரிய பவுசர் வர்ற நேரம்.”

“சேர், இதுக்குள்ள நாலு லீற்றர் பால் இருக்கு. அந்த மாட்டின்ர கண்டுக்குட்டி விடிய செத்தது. அந்த மனிசியின்ர பட்டியில ஏழு மாடு கிடக்கு. அவா கறந்து தந்த பாலை நான் எப்பிடி ஊத்திறது? நீங்கள் வந்து ஊத்துங்கோ.”

“இதெல்லாம் சென்ரிமென்ற் அக்கா.”

நான் போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு லொறியில் ஏறி, அதைப் படலைக்குக் குறுக்கே விட்டேன். எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்த மாட்டேன் என்று இருந்தேன். பெட்டி எவ்வளவு சிவப்பு அடிக்க வேண்டுமோ அடிக்கட்டும்.

பெரிய பவுசர் வந்தது. நிலையத்தில் சேர்ந்த பாலைத் தெற்கே கொண்டு போகிற வாகனம். அதன் சாரதி குருநாகல் பக்கத்துச் சிங்கள மனிதர், என் வயதுதான். இறங்கி வந்து என்ன என்று கேட்டார். பிள்ளை தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். அவர் என் கானின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். “பால் நல்லம்தானே?” என்றார் தமிழில். “நல்லம்” என்றேன். “அப்ப நான் நிக்கிறது” என்று சொல்லிவிட்டு, தன் வாகனத்துக்குப் போய்க் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். அவரும் எஞ்சினை நிறுத்தவில்லை.

பவுசர் நிற்கிறது என்ற செய்தி மேலே போனதும்தான் கதை மாறியது. நான் சொன்னபோது திறக்க முடியாத கணினி, பவுசர் நின்றபோது திறந்தது. “இந்த ஒரு நாளைக்கு மட்டும்” என்று சொல்லி எடுத்தார்கள். குறுக்கே விட்டதில் இருந்து ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

இரண்டு கிழமையில் எனக்குக் கடிதம் வந்தது. முழுக்க ஆங்கிலம். வாசித்து விளங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வாசிக்காததற்கு எப்படிக் கையெழுத்து வைப்பது? தமிழில் தாருங்கள் என்றேன். அதற்கு ஒரு கிழமை இழுத்தார்கள். தமிழ்க் கடிதம் வந்தது. அதில் எழுதியிருந்தது இதுதான்: நீங்கள் காலையில் இருபத்தாறு நிமிடங்களும் பின்னர் ஐம்பத்திரண்டு நிமிடங்களும் சோம்பியிருந்தீர்கள். இனிமேல் சோம்பியிருந்தால் கடுமையான நடவடிக்கை எடுக்கப்படும்.

நான் மூன்று தரம் வாசித்தேன். ஆங்கிலத்தில் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடுவதற்கும் மனிதர் சோம்பிக் கிடப்பதற்கும் ஐடிலிங் என்று ஒரே சொல்லாம். பரிசோதனைப் பிள்ளைதான் பிறகு விளங்கப்படுத்தினாள். கணினியில் போட்டு எடுத்திருப்பார்கள் என்றாள். ஒருவர்கூட அதை வாசித்துப் பார்க்காமல் முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். சுடுதண்ணீரில் வெந்த என் கை அப்போதும் தோல் உரிந்துதான் இருந்தது.

குளக்கட்டடி அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவா முதலில் விளங்காமல் பார்த்தா, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்தது. மாடுகள் போன பிறகு அவா சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். அதற்காகவாவது அந்தக் கடிதம் வந்தது நல்லது என்று யாராவது சொல்லக்கூடும். நான் சொல்ல மாட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளிநொச்சிக்குப் போனேன். அந்த அதிகாரி மடிக்கணினியைத் திருப்பி ஒரு கோட்டைக் காட்டினார். சிவப்பாக ஏறி நின்ற இடம்தான் நானாம். நான், “ஒருக்கா காலமை வந்து லொறியில ஏறிப் பாருங்கோ சேர்” என்றேன். வருகிறேன் என்றார். வந்தார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் தை பிறந்து, வெயில் வந்து, நிலம் காய்ந்து, ஈரம் என்ற சொல்லே மறந்த பிறகு வந்தார். கதிரை போட்டு இருத்தி, என் கணவர் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். நான் திறப்பைத் திருப்பினேன். அந்தப் பாழ்பட்ட லொறி ஒரே அடியில் பிடித்தது! முப்பத்தைந்து வருடத்தில் அப்படி ஒரு ஸ்ராட் அது எடுத்திருக்காது.

அவர் லொறியின் முன்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பாவம் அக்கா என்கிற சிரிப்பு. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

அவர் பக்கத்து ஆசனத்தில் ஏறி இருந்தார். மணி கத்திக்கொண்டிருந்தது.

“இது என்ன சத்தம் அக்கா?”

“பிறேக்குக்கு எயார் இல்லையெண்டு கத்துது சேர். வெயிலோ மழையோ, விடிய இது கத்தும்.”

“எவ்வளவு நேரம்?”

“ஏறுமட்டும். போவம் எண்டு சொல்லுங்கோ, போறன்.” நான் கிளச்சை மிதித்துக் கியரைப் போட்டேன். “ஆனா போகச் சொன்னது நீங்கள் எண்டு ஒரு துண்டில எழுதித் தாங்கோ. முன்னுக்கு வளைவு இருக்கு, அதில பள்ளிக்கூடப் பிள்ளையள் சைக்கிளில வருவினம்.”

அவர் வளைவைப் பார்த்தார். மணி கத்தியது. பேனை சட்டைப் பையில்தான் இருந்தது, அவர் அதைத் தொடவில்லை. “வெயிற் பண்ணுவம்” என்றார். பண்ணினோம். ஒன்பது நிமிடம் அவரும் நானும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பெட்டி சிவப்பு அடித்திருக்க வேண்டும். அன்றைக்கு அவருக்குப் போன் எடுக்க யாரும் இல்லை.

போகும்போது, “ரிப்போர்ட்ல போடுறேன் அக்கா” என்றார். என்ன போட்டார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. காலையில் பதினைந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடலாம், ஓட்டுநர்களின் பாதுகாப்பில் நிர்வாகம் கொண்ட அக்கறையால் இந்தச் சலுகை என்று. சலுகை! செத்த பிளக்குகள் வரவேயில்லை. வவுனியாவில் ஒரு பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து நானும் கணவரும்தான் மாற்றினோம். அக்காவுக்கு மாட்டு நட்டஈட்டுப் படிவம் கொடுத்தார்கள். செத்த மாடுகளின் காதில் குத்தியிருந்த இலக்கம் கேட்டார்கள். அவா ஏழையும் செத்த அன்றைக்கே கிடங்கு வெட்டித் தாட்டிருந்தா. திரும்பத் தோண்டவோ என்று கேட்டா. அதற்கு யாரும் பதில் எழுதவில்லை.

என் கடிதம் அலுவலகக் கோப்பில் அப்படியே இருக்கிறது. எச்சரிக்கையை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. லொறியைக் குறுக்கே விட்டது நான்தான், அதற்கு எச்சரிக்கட்டும். சோம்பியிருந்தீர்கள் என்ற சொல்லை எடுக்கச் சொல்லித்தான் மூன்று முறை எழுதினேன். மூன்றாவதற்குப் பிறகு நானே அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். அங்கே வேலை செய்கிற வேறொரு பிள்ளை எடுத்தாள்.

“அக்கா, அது ஒரு சொல்லுத்தானே” என்றாள்.

“ஒரு சொல்லுத்தானே பிள்ளை. எடுத்துவிடுங்கோவன்.”

 “பொறுங்கோ, கேட்டிட்டு வாறன்” என்று சொல்லி என்னைக் காக்கவைத்தாள். போனில் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து மறுபடி முதலில் இருந்து தொடங்கியது. நான் வைக்கவில்லை.